கதவைச் சாத்தினது யாரு? – லினக்ஸ் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடுதாசில பாதிக்கு மேல ஒரே ரகம். "கனெக்ட் ஆகல, என்ன பண்றது?" அவ்வளவுதான். டாக்டர் முன்னாடி போய் உக்காந்து "முடியல டாக்டர்"னு மட்டும் சொல்லிட்டு சட்டைப் பட்டனைப் போட்டா அவர் என்னத்த எழுதித் தருவாரு? எரர்ல என்ன வார்த்தை வந்துச்சோ அதை அப்படியே எழுதி அனுப்புங்க, லினக்ஸ்ல "முடியாது"ன்னு சொல்றவன் பெரும்பாலும் எங்கயாவது காரணத்தையும் எழுதி வச்சிருப்பான், அவன் யாருன்னு கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சது. அப்புறம், கமாண்டையெல்லாம் வாயால சொல்ற மாதிரிதான் எழுதிருக்கேன், அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க, பெரிய எழுத்துன்னா தனியா சொல்றேன்.

கேள்வி: எங்க ஜவுளிக் கடைல பில்லிங்குக்கு ஒரு உபுண்டு மெஷின்ல மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் போட்டிருக்கோம். அந்த மெஷின்லயே உக்காந்து பாத்தா நல்லா ஓடுது. கவுன்ட்டர்ல இருக்கற இன்னொரு லினக்ஸ் மெஷின்ல இருந்து போனா கனெக்ட் பண்ண முடியலன்னு வருது, கடைசில 111ன்னு ஒரு நம்பர். பிங் போகுது. கேபிள் மாத்தியாச்சு, ஸ்விட்ச் புதுசு வாங்கியாச்சு, ஃபயர்வாலையும் ஆஃப் பண்ணியாச்சு. வேற என்ன சார் பண்ண?
– வாசகர், ஈரோடு

பதில்: ஸ்விட்ச் வாங்கறதுக்கு முன்னாடி எழுதியிருந்தா அந்தக் காசு மிஞ்சியிருக்கும், சரி விடுங்க. அந்த 111தாங்க விடையே. அது லினக்ஸ் கெர்னல் தர்ற எரர் நம்பர், அர்த்தம் "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு". அதாவது உங்க பாக்கெட் கேபிள் வழியா ஸ்விட்ச் வழியா ஒழுங்கா அந்த மெஷின் வரைக்கும் போயிருக்கு, அங்க இருந்து "இந்த போர்ட்ல யாரும் இல்ல, கிளம்பு"ன்னு பதிலும் வந்திருக்கு. போர்ட்னா ஒவ்வொரு ப்ரோக்ராமும் காத்துக்கிட்டு இருக்கற கதவு நம்பர். பதில் வந்துச்சுன்னாலே வயர் மேல பழி இல்ல.

இதுக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேரு இருக்காங்க, அவங்களையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. 110ன்னு வந்தா டைம்அவுட், தட்டித் தட்டிப் பாத்தும் உள்ள இருந்து சத்தமே இல்ல, உங்க மெஷின் பாவம் வழக்கமா 6 தடவை திரும்பத் திரும்ப கூப்டு பாத்துட்டுத்தான் கைவிடும், அதனாலதான் ஸ்க்ரீன் ரொம்ப நேரம் அப்படியே நிக்கும். பெரும்பாலும் நடுவுல ஏதோ ஒரு ஃபயர்வால் பாக்கெட்டை சத்தமில்லாம முழுங்குது. 113ன்னு வந்தா "நோ ரூட் டு ஹோஸ்ட்". அதே நெட்வொர்க்குக்குள்ளன்னா அந்த ஐபில மெஷினே இல்ல, ஆஃப் ஆயிருக்கும் இல்ல நம்பர் தப்பு. ஆனா பிங் போயிட்டு 113 வந்தா குழம்பாதீங்க, ராக்கி, ஃபெடோரா மாதிரி மெஷின்ல ஃபயர்வால்டி "அனுமதி இல்ல"ன்னு திருப்பி அனுப்பற விதமே அப்படி, ரூட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. (விண்டோஸ்ல இருந்து பாக்கறவங்களுக்கு 111 இடத்துல 10061, 110 இடத்துல 10060.)

இப்ப உங்க கதைக்கு வருவோம். சர்வர்ல போய் சுடோ (அட்மின் உரிமையோட ஓட்டறது) போட்டு எஸ்எஸ், ஸ்பேஸ், மைனஸ் டிஎல்என்பி அடிங்க. எந்தெந்த ப்ரோக்ராம் எந்தெந்த போர்ட்ல காத்துக்கிட்டு இருக்குன்னு வரிசையா வரும். அதுல மைஎஸ்க்யூஎல் வரில 127.0.0.1:3306ன்னு இருக்கும் பாருங்க, பந்தயம் கட்டறேன். 127.0.0.1ன்னா அந்த மெஷினுக்குள்ள இருந்து வர்றவங்களுக்கு மட்டும்னு அர்த்தம், உபுண்டுல மைஎஸ்க்யூஎல் வரும்போதே அப்படித்தான் வருது, நல்லதுக்குத்தான். 33060ன்னு இன்னொரு வரி தெரியும், அதைக் கண்டுக்காதீங்க, அது வேற. ஈடிசி ஃபோல்டருக்குள்ள மைஎஸ்க்யூஎல் கான்ஃபிக் ஃபைல்ல பைண்ட்-அட்ரஸ்னு ஒரு வரி இருக்கும், அதுல சர்வரோட கடை நெட்வொர்க் ஐபியைப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, 192.168.1.10ன்னு வச்சுக்கோங்க. அந்த ஐபி நாளைக்கு மாறிடாம ரவுட்டர்ல ரிசர்வ் பண்ணிடுங்க, இல்லன்னா அடுத்த மாசம் இதே கேள்வியோட வருவீங்க.

ரீஸ்டார்ட் பண்ணதும் புதுசா ஒரு எரர் வரும், 1130, "இந்த ஹோஸ்ட்டுக்கு அனுமதி இல்ல"ன்னு. சந்தோஷப்படுங்க! இப்ப பேசறது கெர்னல் இல்ல, மைஎஸ்க்யூஎல்லே பேசுது, ஒரு கதவு தாண்டியாச்சு. மைஎஸ்க்யூஎல்ல யூசர்னா பேரு மட்டும் இல்ல, பேரும் எங்க இருந்து வர்றாருங்கறதும் சேர்ந்ததுதான் யூசர். பில்லிங் யூசரை லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் உண்டாக்கியிருப்பீங்க, இன்னொண்ணு 192.168.1.% க்கு உண்டாக்கி பில்லிங் டேட்டாபேஸுக்கு மட்டும் உரிமை குடுங்க. எல்லா உரிமையும் இருக்கற ரூட் யூசரை வெளில இருந்து வர விடாதீங்க, தயவு செஞ்சு. கடைசியா, ஆஃப் பண்ணி வச்சிருக்கற ஃபயர்வாலை ஆன் பண்ணி 192.168.1.0/24ல இருந்து, அதாவது உங்க கடை நெட்வொர்க்ல இருந்து, 3306க்கு மட்டும் விடுங்க. அதை ஆன் பண்றதுக்கு முன்னாடி அடுத்த பதிலைப் படிச்சிருங்க.

கேள்வி: விபிஎஸ் (வாடகை சர்வர்) ஒண்ணு வாங்கி, பாதுகாப்பா இருக்கட்டுமேன்னு யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை எனேபிள் பண்ணேன். ஏதோ கேட்டுச்சு, ஒய் அடிச்சேன். அப்ப ஒண்ணும் ஆகல. சாப்ட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தா உள்ளயே போக முடியல. சர்வர் போச்சா அண்ணே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சர்வருக்கு ஒண்ணும் ஆகல, வீட்டைப் பூட்டிட்டு சாவியை உள்ள வச்சிட்டீங்க. அது கேட்டது என்ன தெரியுமா, "இப்ப இருக்கற எஸ்எஸ்எச் கனெக்ஷன் அறுந்துடலாம், பரவால்லயா?"ன்னு. எஸ்எஸ்எச்னா தூரத்துல இருக்கற மெஷினுக்குள்ள போய் கமாண்ட் அடிக்கற வழி. நாம எல்லாரும் அதைப் படிக்காமதான் ஒய் அடிக்கறோம். ஏற்கனவே திறந்திருந்த கனெக்ஷனை ஃபயர்வால் பொதுவா விட்டுடும், அதனால அப்ப ஒண்ணும் தெரியல, புதுசா வர்றதைத்தான் முழுங்கும். உங்களுக்கு வர்றது டைம்அவுட்தானே? மேல சொன்ன 110.

விபிஎஸ் குடுத்தவங்க வெப்சைட்ல லாகின் பண்ணா கன்சோல்னு ஒரு பட்டன் இருக்கும், அது மானிட்டர் கீபோர்டு சொருகி உக்கார்ற மாதிரி, நெட்வொர்க் ஃபயர்வால் அதைத் தொடாது. அதுல போய் யூஎஃப்டபிள்யூ அலவ் ஓபன்எஸ்எஸ்எச் குடுங்க, முடிஞ்சது. பாஸ்வேர்டே வைக்காம எஸ்எஸ்எச் கீ (சாவி ஃபைல்) மட்டும் வச்சிருந்தீங்கன்னா கன்சோல்ல லாகின் ஆகாது, ரெஸ்க்யூ மோட்ல ஏத்தித்தான் பண்ணணும், கொஞ்சம் சுத்து வழி.

உங்களைத் திட்ட எனக்கு யோக்யதை கிடையாது. ராஜபாளையம் பக்கம் ஒரு மில்லு ஆபீஸ் சர்வர், நான் சென்னைல இருந்து எஸ்எஸ்எச்ல உள்ள இருக்கேன், ராத்திரி பதினொரு மணி. ஐபிடேபிள்ஸ் ரூல் எல்லாம் சிக்கலாயிடுச்சு, முதல்ல எல்லாத்தையும் அழிச்சுட்டு ஃப்ரெஷ்ஷா எழுதலாம்னு மைனஸ் பெரிய எஃப் அடிச்சேன். ரூல் அழிஞ்சா எல்லாம் திறந்துடும்னு நெனப்பு. ஆனா அதுல டீஃபால்ட் பாலிசி டிராப்னு நானே ஆறு மாசம் முன்னாடி வச்சிருந்தேன். ரூல் அழிஞ்சது, பாலிசி அழியல. அனுமதிக்கற ரூல் ஒண்ணு கூட இல்லாம டிராப் மட்டும் மிச்சம், ஸ்க்ரீன் அப்படியே உறைஞ்சு நின்னுச்சு. அப்ப கன்சோல் கின்சோல் எல்லாம் கிடையாது, ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சு காலைல எட்டு மணிக்கு மில்லு வாசல்ல நின்னேன். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கல, பாஸ் இல்லையாம்! அவர் பண்ணதுதான் சரியான ஆக்ஸஸ் கன்ட்ரோல்.

அதுக்கப்புறம் ரெண்டு பழக்கம். ஒண்ணு, ஃபயர்வாலையோ எஸ்எஸ்எச் கான்ஃபிக்கையோ தொடும்போது ஒரு டெர்மினலை மூடாம வச்சுட்டு புது டெர்மினல்ல உள்ள வந்து பாக்கறது, வர முடிஞ்சாத்தான் பழசை மூடறது. ரெண்டு, கை வைக்கறதுக்கு முன்னாடியே ஒரு டைம் பாம் வைக்கறது: சுடோ சிஸ்டம்டி-ரன், மைனஸ் மைனஸ் ஆன்-ஆக்டிவ்=5எம், அப்புறம் யூஎஃப்டபிள்யூ டிஸேபிள். அஞ்சு நிமிஷத்துல ஃபயர்வால் தானா ஆஃப் ஆயிடும், எல்லாம் நல்லபடியா இருந்தா அந்த டைமரை நிறுத்திடலாம். இன்னொண்ணு, எஸ்எஸ்எச்சுக்கு அலவ் இடத்துல லிமிட்னு குடுத்தா 30 செகண்டுக்குள்ள 6 தடவை கதவைத் தட்டறவனை அது தானே தள்ளி வைக்கும். பாஸ்வேர்டை ஊகிச்சு அடிக்கற ரோபோக்களுக்கு அது போதும்.

கேள்வி: எஸ்எஸ்எச்சுக்கு ஏன் 22? அதை 2222ன்னு மாத்தினேன், உபுண்டு 24.04, ரீஸ்டார்ட்டும் பண்ணேன், இன்னும் 22லயே நிக்குது.
– வாசகி, கோவை

பதில்: 1995ல ஹெல்சின்கி டெக்னாலஜி யுனிவர்சிட்டில டாட்டு யுலோனென் எஸ்எஸ்எச்சை எழுதினப்ப எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23ன்னு இருந்துச்சு, நடுவுல 22 காலியா இருந்துச்சு, இந்த ரெண்டு பேர் வேலையையும் நான் பாக்கப் போறேன், அந்த நம்பரை எனக்குக் குடுங்கன்னு மெயில் போட்டுக் கேட்டு வாங்கினாரு. மாறாததுக்குக் காரணம், புது உபுண்டுல போர்ட்டைப் பிடிச்சுட்டு இருக்கறது எஸ்எஸ்எச் சர்வீஸ் இல்ல, சிஸ்டம்டியோட சாக்கெட். சிஸ்டம்சிடிஎல் டேமன்-ரீலோட் குடுத்துட்டு எஸ்எஸ்எச் டாட் சாக்கெட்டை ரீஸ்டார்ட் பண்ணுங்க, மாறிடும். 2222க்கு மாத்தினா லாக்ல குப்பை குறையும், பாதுகாப்பு கூடாது.

கேள்வி: அண்ணை, எஸ்எஸ்எச் திறப்ப பென்ட்ரைவில வச்சுக்கொண்டுதான் திரியிறனான். கம்பஸ் சேர்வருக்குள்ள அதப் பாவிச்சுப் போகேலாமக் கிடக்கு, ஒவ்வொருக்காலும் பாஸ்வேர்ட்தான் கேக்குது. ரெண்டு பக்கமும் எல்லாத்துக்கும் 777 குடுத்தும் பாத்திட்டன். ஏன் அண்ணை?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: 777 குடுத்ததாலதான் தம்பி! 777ன்னா யாரு வேணா படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம்னு அர்த்தம். உங்க திறப்பு, அதாவது கீ, சரி, பூட்டும் சரி, ஆனா ரெண்டையும் தெருவுல வச்சிருக்கீங்க, எஸ்எஸ்எச் அதைப் பாத்துட்டு "இதை நான் நம்ப மாட்டேன்"னு ஒதுங்கிடுச்சு.

யோசிச்சுப் பாருங்க. சர்வர்ல உங்க ஹோம் ஃபோல்டருக்கு 777ன்னா அந்த சர்வர்ல லாகின் இருக்கற எந்தப் பையனும் உள்ள வந்து உங்க டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டரை பேர் மாத்திட்டு, தன்னோட கீயைப் போட்டு புதுசா ஒண்ணு வச்சிட்டு, உங்க பேர்ல உள்ள வரலாம். அதனால எஸ்எஸ்எச் சர்வர் ஒவ்வொரு தடவையும் ஹோம் ஃபோல்டர், அதுக்குள்ள டாட் எஸ்எஸ்எச், அதுக்குள்ள ஆதரைஸ்டு கீஸ் ஃபைல், மூணையும் பாக்கும், வேற யாருக்காவது எழுதற உரிமை இருந்தா கீயைத் திரும்பிக் கூடப் பாக்காது. ஆனா வெளில நிக்கற உங்ககிட்ட அதைச் சொல்லாது, சொன்னா திருடனுக்கும் தெரிஞ்சுடுமே. உள்ள லாக்ல எழுதி வைக்கும். உபுண்டு, பழைய டெபியன்னா வேர் (வி-ஏ-ஆர், மரத்தோட வேர் இல்ல) ஃபோல்டருக்குள்ள லாக், அதுக்குள்ள ஆத் டாட் லாக், ராக்கி மாதிரின்னா செக்யூர்னு இருக்கும். "ஆதென்டிகேஷன் ரெஃப்யூஸ்டு: பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் டைரக்டரி"ன்னு ஒரு வரி, கூடவே எந்த ஃபோல்டர்னும் போட்டிருக்கும். லாகைப் பாக்க உங்களுக்கு உரிமை இருக்காது, கம்பஸ் அட்மினைக் கேளுங்க, அவர் ஏற்கனவே பாத்து சிரிச்சிருப்பாரு.

ஹோமுக்கு 750, டாட் எஸ்எஸ்எச்சுக்கு 700, ஆதரைஸ்டு கீஸுக்கு 600. பாஸ்வேர்ட்ல உள்ள போய் இதைப் பண்ணிடுங்க.

உங்க பக்கத்துல இன்னொரு வில்லங்கம் இருக்கு, அந்த பென்ட்ரைவ். எஸ்எஸ்எச் கிளையன்ட்டும் இதே மாதிரி சந்தேகப் பேர்வழிதான், ப்ரைவேட் கீயை அடுத்தவங்க படிக்க முடியும்னா பெரிய எழுத்துல கொட்டை கொட்டையா வார்னிங் போட்டுட்டு அந்தக் கீயை விட்டுட்டு பாஸ்வேர்டுக்குப் போயிடும். நீங்க 600 குடுத்துப் பாத்திருந்தாலும் மாறியிருக்காது, ஏன்னா பென்ட்ரைவ் பெரும்பாலும் ஃபேட் ஃபைல்சிஸ்டம், அதுல ஓனர், பெர்மிஷன்னு எழுதி வைக்க இடமே கிடையாது, மவுன்ட் பண்ணும்போது லினக்ஸ் எல்லா ஃபைலுக்கும் ஒரே பெர்மிஷனை ஒட்டிவிடும். சிஎச்மாட் (பெர்மிஷன் மாத்தற கமாண்ட்) அடிச்சா எரர் கூட வராம அப்படியே நிக்கும் பாருங்க, அங்கதான் எல்லாருக்கும் மண்டை காயும். கீயை உங்க லேப்டாப் ஹோமுக்குள்ள காப்பி பண்ணி 600 குடுங்க. பென்ட்ரைவ்ல கீயைத் தூக்கிட்டு அலையறதா இருந்தா அதுக்கு ஒரு பாஸ்ஃப்ரேஸாவது வையுங்க, பஸ்ல விழுந்தா எடுத்தவனுக்கு கம்பஸ் சர்வர் சும்மா கிடைச்சுடும்.

இந்த 777ஐப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். தலைவலி, வயித்துவலி, கால்வலி எல்லாத்துக்கும் ஒரே மாத்திரை குடுக்கற போலி டாக்டர் மாதிரி யூடியூப்ல பாதிப் பேர் இதைத்தான் சொல்லித் தர்றாங்க. என்ஜின்எக்ஸ் வெப் சர்வர்ல 403 (அனுமதி இல்ல) வந்தாலும் 777, கீ வேலை செய்யலன்னாலும் 777. உபுண்டு 21.04ல இருந்து ஹோம் ஃபோல்டர் 750ஆத்தான் உண்டாகுது, அதனால ஹோமுக்குள்ள வெப்சைட்டை வச்சா என்ஜின்எக்ஸால வாசலையே தாண்ட முடியாது, உள்ள இருக்கற ஃபைலுக்கு 777 குடுத்து என்ன பிரயோஜனம்? நேம்ஐ, மைனஸ் எல், அப்புறம் ஃபைலோட முழுப் பாதை, இப்படி அடிச்சா ஒவ்வொரு படியா பெர்மிஷனைக் காட்டும், எந்தப் படில கால் தடுக்குதுன்னு கண்ணால பாக்கலாம். வெப்சைட்டைத் தூக்கி வேர் ஃபோல்டருக்குள்ள டபிள்யூடபிள்யூடபிள்யூல வச்சிட்டா பிரச்சனையே இல்ல.

கேள்வி: யூஎஃப்டபிள்யூல 6379ஐ திறக்கவே இல்ல. ஸ்டேட்டஸ் பாத்தாலும் லிஸ்ட்ல இல்ல. ஆனா டாக்கர்ல ஓடற ரெடிஸ் டேட்டாபேஸுக்கு வெளில இருந்து போக முடியுது! எப்படி?
– வாசகர், சென்னை

பதில்: முன் வாசல்ல வாட்ச்மேன் நிக்கறாரு, டாக்கர் (ப்ரோக்ராமை கன்டெய்னர்னு ஒரு தனிப் பெட்டில வச்சு ஓட்டறது) கொல்லைப் பக்கமா ஒரு கதவு வெட்டி வச்சிருக்கு. யூஎஃப்டபிள்யூ காவல் காக்கறது இன்புட்ங்கற வழியை, அதாவது இந்த மெஷினுக்கே வர்ற பாக்கெட்டை. டாக்கர்ல போர்ட்டை பப்ளிஷ் பண்ணா, அது பாக்கெட் உள்ள நுழையற இடத்துலயே முகவரியை மாத்தி கன்டெய்னருக்குத் திருப்பிவிடும், அதுக்கப்புறம் அந்த பாக்கெட் "கடந்து போற" பாக்கெட், அது ஃபார்வர்டு வழில போகும், வாட்ச்மேன் நிக்கற பக்கமே வராது. பக் இல்ல, டாக்கர் டாக்குமென்ட்லயே சொல்லியிருக்காங்க, ஆனா யாரு படிக்கறாங்க?

கம்போஸ் ஃபைல்ல போர்ட்ஸ்னு இருக்கற இடத்துல 6379:6379ன்னு போட்டிருப்பீங்க, அதை 127.0.0.1:6379:6379ன்னு மாத்துங்க, இன்னிக்கே. ரெடிஸை இன்னொரு கன்டெய்னர் மட்டும்தான் பயன்படுத்துதுன்னா அந்த வரியையே தூக்கிடுங்க, ஒரே நெட்வொர்க்ல இருக்கற கன்டெய்னருக்கு பப்ளிஷ் தேவையே இல்ல. குறிப்பிட்ட ஐபிக்கு மட்டும் வெளில விடணும்னா டாக்கர்-யூசர்னு ஒரு செயின் இருக்கு, நம்ம ரூல் எழுதறதுக்குன்னே விட்டு வச்சிருக்காங்க. மாத்தினப்புறம் உங்க மொபைல் டேட்டால இருந்து, ஆபீஸ் வைஃபைல இருந்து இல்ல, என்சி மைனஸ் இசட்வி போட்டு ஒரு தடவை தட்டிப் பாருங்க. ரெடிஸ்க்கு பாஸ்வேர்ட் வைக்காம திறந்து கிடந்திருந்தா உள்ள யாராவது வந்து போயிருக்க வாய்ப்பு ஜாஸ்தி, டேட்டாவை மட்டும் எடுத்துட்டு மெஷினைப் புதுசா போடறதுதான் நான் பண்றது.

கேள்வி: இருபது வருஷமா ஹோஸ்ட்ஸ் டாட் அலவ், ஹோஸ்ட்ஸ் டாட் டினை ரெண்டையும் வச்சுத்தான் யார் எஸ்எஸ்எச்ல வரணும்னு வச்சிருந்தேன். ராக்கி 9க்கு மாறினேன், அதே ஃபைலை காப்பி பண்ணேன், யாரு வேணா வர்றாங்க. எரரும் இல்ல.
– வாசகர், திருச்சி

பதில்: பழைய ஆளு போல, வணக்கம். உங்க ஃபைல் ரெண்டும் இருக்கும், ஆனா அதைப் படிக்கறதுக்குத்தான் ஆள் இல்ல. டிசிபி ராப்பர்ஸ்னு பேரு அதுக்கு, நெதர்லாந்துல ஐன்ட்ஹோவன் பல்கலைக்கழகத்துல வீட்ஸே வெனேமா 1990ல எழுதினது, அங்க மெஷினை அழிச்சுட்டு இருந்த ஒரு ஹேக்கர் எங்க இருந்து வர்றான்னு பாக்கறதுக்காக ஆரம்பிச்ச வேலை. ஓபன்எஸ்எஸ்எச்காரங்க 2014ல, 6.7 வெர்ஷன்ல அந்த சப்போர்ட்டைத் தூக்கிட்டாங்க. டெபியன், உபுண்டுல அவங்களே ஒட்டுப் போட்டு வச்சிருக்காங்க, அதனால அங்க வேலை செய்யும். ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8ல இருந்து முழுசா எடுத்தாச்சு, ராக்கி அதோட நகல்தானே. ஃபைல் இருந்தும் வேலை செய்யாதது இல்லாததை விட மோசம், டினை போட்டாச்சுன்னு நம்பி நிம்மதியா தூங்கறோம்.

இனிமே ஃபயர்வால்டி. அதுல ஒர்க்னு ஒரு ஜோன் இருக்கு, எஸ்எஸ்எச் ஏற்கனவே அதுல திறந்திருக்கும். ஃபயர்வால்-சிஎம்டி, பெர்மனன்ட், ஜோன் ஒர்க், ஆட்-சோர்ஸ்னு உங்க ஆபீஸ் ஐபியைச் சேருங்க. அப்புறம் பப்ளிக் ஜோன்ல இருந்து ரிமூவ்-சர்வீஸ் எஸ்எஸ்எச், கடைசியா ரீலோட். வரிசை முக்கியம், மாத்திப் பண்ணா நாகர்கோவில் தம்பி கதைதான். பெர்மனன்ட்னு போட்டது ரீலோட் பண்ற வரைக்கும் நடைமுறைக்கு வராது, பெர்மனன்ட் போடாதது ரீபூட் ஆனா போயிடும், இந்த ரெண்டு குழப்பத்துலயும் நானே தலா ரெண்டு தடவை விழுந்திருக்கேன்.

கேள்வி: வீட்ல பழைய லேப்டாப்ல நெக்ஸ்ட்கிளவுட் (நம்ம ஃபைலை நாமளே வச்சுக்கற கிளவுட்) போட்டு ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் பண்ணேன். வீட்டுக்குள்ள வருது, வெளில இருந்து டைம்அவுட். மூணு ரவுட்டர் மாத்தியாச்சு.
– வாசகி, சேலம்

பதில்: உங்க ரவுட்டர் பேஜ்ல வேன் (டபிள்யூ-ஏ-என்) ஐபின்னு, அதாவது வெளிப் பக்கத்து ஐபி, என்ன இருக்குன்னு பாருங்க. 100.64ல ஆரம்பிச்சு 100.127 வரைக்கும் ஏதாவது ஒண்ணா இருந்தா ரவுட்டர் மேல தப்பே இல்ல. அது சிஜிநாட், உங்களை மாதிரி நிறைய வீட்டுக்கு ஒரே பொது ஐபியை கம்பெனிக்காரங்க பங்கு போட்டுக் குடுக்கறது, அதுக்குன்னே 2012ல ஒதுக்கின நம்பர் வரிசை அது. அபார்ட்மென்ட் மெயின் கேட்டுக்கு வர்ற தபாலை உங்க வீட்டுக்குக் கொண்டு வர வேண்டியது கேட்ல இருக்கறவரு, அவருக்கு நீங்க நெக்ஸ்ட்கிளவுட் வச்சிருக்கறதே தெரியாது, உங்க வீட்டு வாசல்ல எத்தனை போர்டு மாட்டினாலும்.

காசு குடுத்தா ஸ்டாட்டிக் ஐபி தருவாங்க, சில இடத்துல. இல்லன்னா ஐபிவி6 இருக்கான்னு பாருங்க, அதுல இந்தப் பங்கு போடற வேலை கிடையாது, ஆனா ரவுட்டர்ல ஐபிவி6 ஃபயர்வாலைத் தனியா திறக்கணும், பாக்கற போன்லயும் ஐபிவி6 இருக்கணும். நான் வீட்ல வச்சிருக்கறது மூணாவது வழி, சின்ன விபிஎஸ் ஒண்ணு, வீட்டு லேப்டாப் உள்ள இருந்து அதுக்கு ஒயர்கார்டு விபிஎன் டனல் போட்டுக்கும். உள்ள இருந்து வெளில போறதை யாரும் தடுக்கறதில்லயே. கான்ஃபிக்ல வீட்டுப் பக்கம் பெர்ஸிஸ்டன்ட் கீப்அலைவ் 25ன்னு போட மறக்காதீங்க, இல்லன்னா கொஞ்ச நேரம் சும்மா இருந்தா நடுவுல இருக்கற நாட் உங்களை மறந்துடும்.

கேள்வி: ஆபீஸ் விபிஎன் போட்டா பிங் போகுது, எஸ்எஸ்எச் மட்டும் அப்படியே தொங்குது. எரர் எதுவும் இல்ல. ஹாட்ஸ்பாட்ல போட்டா வருது.
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: எஸ்எஸ்எச் மைனஸ் வி போட்டுப் பாருங்க, கடைசி வரில கெக்ஸ் ஈசிடிஎச் ரிப்ளைக்குக் காத்திருக்கேன்னு நிக்குதா? அப்ப எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெருசா இருக்கலாம்ங்கற அளவு. பிங் சின்ன பாக்கெட், சந்து பொந்துல கூட நுழைஞ்சு போயிடும், எஸ்எஸ்எச் கீ மாத்திக்கற இடத்துல பெரிய பாக்கெட் வரும், அது எங்கயோ மாட்டுது. "ரொம்பப் பெருசு, சின்னதா அனுப்பு"ன்னு நடுவுல இருக்கற ரவுட்டர் ஐசிஎம்பில (இந்த மாதிரி தகவல் சொல்றதுக்கான வழி) சொல்லத்தான் செய்யும், பாதுகாப்புன்னு சொல்லி ஐசிஎம்பியை மொத்தமா அடைச்சு வச்ச புண்ணியவான் யாரோ வழில இருக்காரு. பிங், மைனஸ் பெரிய எம், டூ (டி-ஓ, நம்பர் இல்ல), மைனஸ் எஸ், 1392 போட்டு டனல் வழியா அனுப்பி, பதில் வர்ற வரைக்கும் குறைச்சுட்டே வாங்க. எந்த நம்பர்ல வருதோ அதோட 28 கூட்டினா அதுதான் உங்க எம்டியூ, 1332ன்னா 1360. விபிஎன் இன்டர்ஃபேஸ்ல அதை வச்சிடுங்க.

கேள்வி: டாக்கர் குரூப்ல என்னைச் சேர்க்க யூசர்மாட் மைனஸ் பெரிய ஜி அடிச்சேன். ரீபூட் பண்ணப்புறம் சுடோ போட்டா நான் சுடோயர்ஸ் ஃபைல்லயே இல்லயாம், இந்தச் சம்பவம் ரிப்போர்ட் பண்ணப்படும்னு மிரட்டுது. சொந்த வீட்டு கம்ப்யூட்டர் சார். யாருக்கு ரிப்போர்ட் போகுது? பயமா இருக்கு.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மைனஸ் ஏ விட்டுப் போச்சு. ஏ இல்லாம பெரிய ஜி மட்டும் போட்டா "இந்த குரூப்ல சேரு"ன்னு ஆகாது, "இதுல மட்டும் இரு, மத்ததுல இருந்து வெளில வா"ன்னு ஆயிடும், நீங்க சுடோ குரூப்ல இருந்து உங்களையே டிஸ்மிஸ் பண்ணிட்டீங்க. மெஷினை ரீஸ்டார்ட் பண்ணும்போது எஸ்கேப் இல்ல ஷிஃப்ட்டைப் பிடிச்சா க்ரப் மெனு வரும், அட்வான்ஸ்டுக்குள்ள ரிகவரி மோட், அதுல ரூட் ஷெல். டிஸ்க்கு படிக்க மட்டும்னு இருக்கும், மவுன்ட், மைனஸ் ஓ, ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ, ஸ்லாஷ்னு அடிச்சு எழுதற மாதிரி மாத்திட்டு, யூசர்மாட், மைனஸ் ஏஜி, சுடோ, அப்புறம் உங்க பேரு. அந்த ஏஜில ஜி மட்டும் பெரிய எழுத்து. டாக்கர் குரூப்ல இருக்கறவனும் கிட்டத்தட்ட ரூட்டுதான், அதனால அதுல வேற யாரையும் போகிற போக்குல சேர்த்துடாதீங்க.

ரிப்போர்ட் எங்கயும் போகல, ஆத் டாட் லாக்ல ஒரு வரியா உக்காந்திருக்கு, அதைப் படிக்க வேண்டிய அட்மினிஸ்ட்ரேட்டர் நீங்கதான். உள்ள போனதும் படிச்சுட்டு உங்களை நீங்களே கூப்டு விசாரிச்சுக்கோங்க.